சந்தேகக்காரனின் தூக்கம்

சந்தேகப்படுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. எடைக்கல்லைச் சந்தேகப்படுவேன், பெட்ரோல் பங்க் மீட்டரைச் சந்தேகப்படுவேன், கல்வராயன் மலைத்தேன் என்று யாராவது பாட்டிலை நீட்டினால் இதில் வெல்லப்பாகு எத்தனை பங்கு என்று முகத்துக்கு நேரே கேட்பேன். சந்தேகப்பட்டதைக் கூடவே இருந்து கடைசிவரை சரிபார்த்ததுண்டா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. பசி வந்துவிடும், இல்லையென்றால் தூக்கம் வந்துவிடும், இரண்டும் வராத நாளில் கடைசி பஸ் வந்துவிடும்.

சாதாரண வித்தைக்காரர்களிடம் இந்தக் குறை வெளியே தெரியாது. சீட்டுக்கட்டு, தொப்பி, புறா எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம். "கைக்குள்ள வச்சிருக்கான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். 1830-வாக்கில் சென்னையில் சேஷால் என்று ஒருவர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். வெள்ளைக்காரர்கள் படம் வரைந்து சீமைப் பத்திரிகையில் போட்டார்கள். அவரிடம்கூடச் சந்தேகப்பட ஓர் இடம் இருந்தது. ஒரு கையை ஒரு கழியின் மேல் வைத்திருந்தார். மீதி விஷயம் அந்தக் கழிக்கும் அவர் உடுப்புக்கும் நடுவில்தான் என்று எவனும் ஊகிக்கலாம். நாள்கணக்கில் வித்தை காட்டுகிறவன் அப்படி ஒரு கழியைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. சோறில்லாமல் இருக்கிறேன், தூங்காமல் இருக்கிறேன், மூச்சில்லாமல் இருக்கிறேன், வேண்டுமானால் நீயும் உட்கார்ந்து பார் என்கிறான். அங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். அவன் எத்தனை நாள் தாங்குகிறானோ அத்தனை நாள் நானும் தாங்கியாக வேண்டும்.

2003 செப்டம்பர் 5 அன்று டேவிட் பிளெயின் என்ற அமெரிக்க மேஜிக்காரர் லண்டனில் டவர் பாலத்துக்குப் பக்கத்தில், தேம்ஸ் கரையில், கிரேனில் தொங்கிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். 44 நாள் தண்ணீர் மட்டும்தான், சாப்பாடு கிடையாது என்று அறிவிப்பு. அதற்கு முன்பே நியூயார்க்கில் ஒரு வாரம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தவர், பனிக்கட்டிக்குள் இரண்டரை நாளுக்கு மேல் நின்றவர், நூறடித் தூண் மேல் ஒன்றரை நாள் நின்றவர். செய்தியைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் படித்தேன். அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள். தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான். படித்த உடனே தீர்ப்புச் சொன்னேன்.

"தண்ணியில குளுக்கோசு கலந்திருக்கும்."

"நீ பாத்தியா?" என்றார் டீ மாஸ்டர்.

"பாக்க வேற செய்யணுமா? தெரியாதா?"

ஒரு மாதத்து டீ பந்தயம் ஆயிற்று. இதில் எனக்கு ஒரு தெம்பு, லண்டன்காரர்களும் என் கட்சிதான். முட்டையால் அடித்தார்கள், ராத்திரி தூங்கவிடாமல் மேளம் தட்டினார்கள், ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரில் பர்கரைக் கட்டி அந்த மனிதன் மூக்குக்கு எதிரில் ஆட்டினார்கள். அக்டோபர் 19 அன்று அவர் வெளியே வந்தபோது முகம் ஒட்டிப்போயிருந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது, மேக்கப் என்றேன். மாஸ்டர் விடவில்லை, நானும் கொடுக்கவில்லை. பந்தயம் இழுபறியில் நின்றது.

கெடுத்தது டாக்டர்கள். பிளெயினை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த மருத்துவர்கள் 2005-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் எழுதினார்கள். எனக்கு அது தெரியவந்தது ரொம்பக் காலம் கழித்து. எடை 24.5 கிலோ குறைந்திருக்கிறது, கிட்டத்தட்ட உடம்பில் கால் பங்கு. அதைவிட முக்கியமான சாட்சி இரத்தத்தில் இருந்த பாஸ்பேட். நீண்ட பட்டினிக்குப் பிறகு சாப்பாடு உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, உயிரணுக்கள் இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டை வாரி இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு சரியும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். போர்க்கால முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சோற்றைக் கண்ட பிறகு செத்தது இப்படித்தான். பிளெயினுக்கும் பாஸ்பேட் சரிந்தது. திருட்டுத்தனமாகக் குளுக்கோஸ் குடித்தவன் உடம்பு இப்படி நடித்துக் காட்ட முடியாது.

மனச்சாட்சி உறுத்தி, கடைக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஜெயித்த சந்தோஷம் வரும் என்று பார்த்தால் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப நெசமாவே பட்டினி கெடந்தானா?"

"ஆமா."

"அப்பறம் அதுல மேஜிக் எங்க இருக்கு? எங்க வூட்லயும்தான் பட்டினி கெடந்தாங்க. எவனாவது வந்து பாத்தானா?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஏமாற்றினால் மோசக்காரன், ஏமாற்றாவிட்டால் வேலை இல்லாதவன். பிளெயின் எந்தப் பக்கம் இறங்கினாலும் அடி. சும்மா இருக்க முடியாமல் நான் சங்கரலிங்கனாரை இழுத்தேன். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-இல் விருதுநகரில் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரைவிட்டவர். மாஸ்டர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "அவரு ஊருக்குப் பேரு கேட்டாரு. இவன் என்னா கேட்டான்?" என்றார். டீ பாக்கியைக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிளெயினைப் பார்க்க நான் லண்டன் போயிருக்க முடியாது, அது ஒரு சமாதானம். எங்கள் ஊருக்கே வந்தவனை என்ன செய்தேன் என்பதுதான் இன்னும் கேவலம்.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற பக்கம் எங்கள் ஊர். கரும்பு வெட்டு முடிந்து, ஆலையில் பணம் வந்து, ஆட்கள் கையில் நாலு காசு நிற்கிற மாதங்களில் சைக்கிள்காரர் வருவார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இந்தக் கூட்டம் வராத ஊர் குறைவு. மாரியம்மன் கோயில் திடலில் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் டியூப்லைட்டு, மைக் செட்டு, எம்.ஜி.ஆர். பாட்டு. ஒரு மனிதன் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவான். ஏழு நாள் கால் தரையில் படாது என்று பேச்சு. சாப்பாடு சைக்கிள்மேலேயே, குளியல் சைக்கிள்மேலேயே, முகச்சவரம்கூட ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்மேலேயே. ஊர்க்காரர்கள் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். குத்தியவர் பெயர் மைக்கில் வரும். சாயங்காலம் ரெக்கார்ட் டான்ஸ். பொம்பளை வேஷம் கட்டி ஆடுகிறவர்தான் பகலில் சைக்கிள்காரருக்குச் சோறு ஆக்குவார். கோழியும் பூசணிக்காயும் ஏலம் போகும். கடைசி நாள் நெஞ்சில் டியூப்லைட்டை உடைப்பது, தலைமுடியால் ஜீப்பை இழுப்பது, பிறகு வசூல்.

ஊர் முழுக்க ஒரே கேள்வி: ராத்திரி இறங்குறானா இல்லையா? இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அதைப் பையன்கள் நாங்கள் கூச்சமில்லாமல் கேட்டோம்: ஒண்ணுக்கு எங்கே போறான்?

கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டோம். தலைவர் நான். கோயில் திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்து, ராத்திரி முழுக்க முறை வைத்து முழித்துப் பார்ப்பது என்று தீர்மானம். முதல் முறை என்னுடையது. ஒரு மனிதன் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வலுவான தூக்க மருந்து இந்த உலகத்தில் இல்லை. சாமக்கோடங்கி வருவதற்கு முன்பே தலைவர் சாய்ந்துவிட்டார். தலைவர் எழுப்பினால்தானே மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். வெயில் முகத்தில் விழுந்து கண்ணைத் திறந்தபோது சைக்கிள் சுற்றிக்கொண்டிருந்தது, மைக் பேசிக்கொண்டிருந்தது. "நம்மை விடிய விடியக் கண்காணித்த தம்பிகளுக்குக் கொசு கடிக்காமல் இருக்க, தாய்மார்கள் யாராவது ஒரு நல்ல போர்வை அன்பளிப்பு செய்யுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." திடலே சிரித்தது. அப்பா அதைக் கரும்பு வண்டிமேல் இருந்து கேட்டார்.

கமிட்டி அன்றே கலைந்தது. உண்மை வேறு வழியாக வந்தது, பல வருடம் கழித்து. வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டுகிற திட்டம் எங்கள் தெருவுக்கு வந்தபோது, பழைய அவஸ்தைகளைப் பற்றி அத்தை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்:

"கருக்கல்ல நாங்க பொம்பளைங்க கொல்லிப் பக்கம் போறப்ப தெனமும் பாப்பம். புளியமரத்துக்கு அந்தாண்ட சைக்கிள சாச்சிட்டு அவனும் வருவான். எங்களக் கண்டா தலயக் குனிஞ்சிக்குவான். ஒரு நாளு அவன் பொண்டாட்டி காலு வீங்கிப் போச்சின்னு எண்ணெ தேச்சிவுட்டுக்கிட்டு இருந்தா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஏன் அத்த யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? அதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? அவனும் மனுசன்தான?"

தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு விடிந்ததும் அவன் சட்டையில் ரூபாய் குத்தியதும் அவர்கள்தான். ஒரு ஊரே விடை தெரிந்து வைத்திருந்த கேள்விக்கு நான் கமிட்டி போட்டிருக்கிறேன். அத்தையிடம் இன்னொரு தகவலும் கிடைத்தது. பையன்கள் திண்ணையில் தூங்கிப்போனதும் பனி விழுகிறதென்று எங்கள் மேல் கோணிப்பை போர்த்தியது சைக்கிள்காரன். அதற்காக இறங்கினானா, ஓட்டிக்கொண்டே போட்டானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரிக்குப் போனபோது சந்தேகத்துக்குப் படிப்பு சேர்ந்துகொண்டது. கோவூரின் புத்தகங்கள் தமிழில் கிடைத்தன. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தவர். 1978-இல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. நம் போத்தனூரில் இருந்த பிரேமானந்த் அதே சவாலை ஏந்திக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாமியார்கள் செய்வதையெல்லாம் தானே செய்து காட்டினார். திராவிடர் கழகத்துக்காரர்கள் கடவுள் பெயர் சொல்லாமல் முதுகில் அலகு குத்திக் கார் இழுத்தார்கள். இவர்களிடம் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. இவர்கள் எல்லாரும் தாங்களே இறங்கிச் செய்தார்கள். நான் வாயை மட்டும் வளர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பக்கத்து ஊருக்கு ஒரு வித்தைக் கூட்டம் வந்தது. மூன்று மணி நேரம் உயிரோடு புதைப்பது என்று நோட்டீசு. ஏழடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழத்தில் குழி. ஆள் படுத்ததும் மேலே பலகை அடுக்கி, அதன்மேல் மண். நான் நோட்டும் பேனாவுமாகப் போனேன். கணக்கு சுலபம். குழிக்குள் 84 கன அடி இடம்; ஆளின் பருமனைக் கழித்தால் 2,300 லிட்டர் காற்று. சும்மா படுத்திருக்கிற மனிதன் மணிக்குப் பதினைந்து லிட்டர் ஆக்சிஜன் எடுப்பான், பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயு விடுவான். மூன்று மணி நேரத்தில் அந்தக் குழிக் காற்றில் கரியமில வாயு ஒன்றரை சதவீதம். தலைவலிகூட வராது. ஆக்சிஜன் தீருவதற்கு வெகு முன்பே கரியமில வாயுதான் ஆளை நெருக்கும். அதற்கும் ஆறேழு மணி நேரம் ஆகும்.

அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினி இதை 1926-லேயே செய்து காட்டிவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ரஹ்மான் பே என்ற எகிப்துக்காரர் நியூயார்க்கில் மூடிய பெட்டியோடு நீச்சல் குளத்துக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அது சமாதி நிலை என்றார். ஐம்பத்திரண்டு வயது ஹூடினி ஆகஸ்ட் 5 அன்று ஷெல்ட்டன் ஹோட்டல் குளத்தில் அதேமாதிரிப் பெட்டிக்குள் 91 நிமிடம் இருந்து வெளியே வந்தார். சமாதியுமில்லை, யோகமுமில்லை, அசையாமல், பயப்படாமல், மெதுவாக மூச்சுவிட்டேன், அவ்வளவுதான் என்றார். சுரங்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது உதவும் என்று அரசு விஞ்ஞானிக்கும் எழுதினார்.

கூட்டத்தின் நடுவில் இதையெல்லாம் சத்தமாக விளக்கினேன். வித்தைக்காரன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முன்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப யாரு வேணா எறங்கலாங்கற?"

"ஆமா ஆயா. இதுல ஒண்ணுமில்ல."

"அப்ப நீ எறங்குடா சாமி."

பின்வாங்க வழியில்லை. வித்தைக்காரன் மரியாதையாக வழிவிட்டான். இறங்கிப் படுத்தேன். 2,300 லிட்டர் காற்றும் என்னோடுதான் இருந்தது. பலகை ஒவ்வொன்றாக வந்தது, கடைசிப் பலகையோடு வெளிச்சம் போயிற்று. அப்போதும் கணக்கு மனதில் தெளிவாகவே இருந்தது. முதல் கூடை மண் பலகைமேல் விழுந்த சத்தம் கேட்டதும் நான் போட்ட கூச்சல் கோமுகி அணைவரை கேட்டதாக இன்றும் சொல்கிறார்கள். எழுப்பிவிட்டவன் வித்தைக்காரன்தான். என் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "கணக்கு சரிதான் தம்பி. நெஞ்சு படபடன்னு அடிச்சா கணக்கு மாறிடும்" என்றான். பிறகு அவன் இறங்கினான். மூன்று மணி நேரம் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை, நான் தவிர.

ஹூடினி சொன்ன ‘பயப்படாமல்’ என்பதை நான் பொடி எழுத்தாக நினைத்துப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

புதைகுழிக் கதைகள் நம் நாட்டில் ஏராளம். 1837-இல் லாகூரில் ரஞ்சித் சிங் அரசவையில் ஹரிதாஸ் என்ற சாது 40 நாள் புதைந்திருந்ததாக வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது உதய்ப்பூர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. சத்யமூர்த்தி என்ற யோகி எட்டு நாள் குழிக்குள், நெஞ்சில் ஈ.சி.ஜி. கம்பிகள், வெளியே டாக்டர்கள். முதலில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 250 வரை ஏறி, இரண்டாம் நாள் கோடு நேராகப் படுத்துவிட்டது. குழியைத் திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது மறுபடி துடிக்க ஆரம்பித்தது. 1973-இல் அமெரிக்க இதய இதழில் (American Heart Journal) வந்த கட்டுரை. கம்பியைக் கழற்றியிருந்தால் கோடு தாறுமாறாக ஆடியிருக்குமே என்று டாக்டர்கள் யோசித்தார்கள். நின்ற இதயத்துக்கு நேரம் பார்க்கத் தெரிந்திருந்ததே என்று நான் யோசிக்கிறேன். எட்டு நாள் அந்த நேர்கோட்டை உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்தால் மட்டும் கும்பிடத் தோன்றுகிறது.

கொஞ்சம் வயதான பிறகு, பட்டினியைச் சோதிக்க மலை ஏறினேன். வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு சாமியார் மிளகுத் தண்ணீரை மட்டும் குடித்து வருடக்கணக்கில் இருக்கிறார் என்று சந்தையில் பேச்சு. குஜராத்தின் பிரகலாத் ஜானி விவகாரம் அப்போது சூடாக இருந்தது. சின்ன வயதிலிருந்து சோறும் இல்லை தண்ணீரும் இல்லை என்று சொன்ன அவரை 2010-இல் அகமதாபாத் மருத்துவமனை ஒன்றில் பதினைந்து நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பாதுகாப்புத் துறை விஞ்ஞானிகளும் இருந்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு சுட்டிக்காட்டிய ஓட்டைகள்: வெயில் காய வெளியே விட்டார்கள், பக்தர்களைச் சந்திக்கவிட்டார்கள், குளிக்கவும் வாய் கொப்புளிக்கவும் விட்டார்கள். இதைப் படித்துவிட்டு, நானாக இருந்தால் ஓர் ஓட்டை விடமாட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் திட்டம் இதைவிடச் சுத்தம். கேமரா வேண்டாம், எடை போதும். தண்ணீர் மட்டும் குடிக்கிறவன் எடை வாரத்துக்கு வாரம் இறங்கியே தீரவேண்டும். வீட்டில் இருந்த எடை மிஷினைச் சாக்குப்பையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது என் தொடையை ஒரு வழி பண்ணியது. இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது பகல் நன்றாக ஏறிவிட்டது. சாமியார் திண்ணையில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மிஷின்மேல் ஏறி நின்றார். எழுதிக்கொண்டேன்.

"சாப்டியாப்பா?" என்று கேட்டார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பட்டினியைக் கண்டுபிடிக்கப் போனவன் வாழை இலையில் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். உண்ட மயக்கத்தில் பலாமரத்து நிழலில் படுத்துவிட்டேன். கண்காணிக்க வந்தவனைச் சாமியார் கண்காணித்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுப்பிவிட்டதும் அவர்தான். மிஷினை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வந்து மறுபடி எடை எடுப்பதாகச் சொல்லி இறங்கினேன்.

போகவில்லை. மழை, கல்யாணம், முதுகுவலி. என் நோட்டில் இன்றைக்கும் ஒரே ஓர் எடை இருக்கிறது. ஒரு எடையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும். மிஷின் மட்டும் உபயோகமாகத்தான் இருக்கிறதாம். கடுக்காயும் பலாவும் வாங்க வருகிற வியாபாரியின் தராசை அந்த ஊர்க்காரர்கள் இப்போது நம்புவதில்லை; முதலில் அதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

நான் திரும்பப் போகாதது நல்லதுதான் என்று நினைக்க வைத்தது வேல்ஸ் நாட்டுச் சிறுமி சாரா ஜேக்கப்பின் கதை. பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள், ஊர் காணிக்கை கொடுத்தது. 1869 டிசம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து நான்கு நர்சுகள் போய்ப் படுக்கையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓர் ஓட்டையும் விடவில்லை. கேட்டால் சாப்பாடு கொடுக்கலாம் என்று உத்தரவு, பிள்ளை கேட்கவில்லை. தூங்காமல், பசிக்காமல், பஸ்ஸுக்கு ஓடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டே நாள், டிசம்பர் 17 அன்று பிள்ளை செத்துப்போயிற்று. பெற்றோர் ஜெயிலுக்குப் போனார்கள். நர்சுகளுக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவில் மேண்ட்ரேக் என்ற பெயரில் வித்தை காட்டிய சஞ்சல் லாகிரியைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி, ஹவுரா பாலத்துப் பக்கம் கிரேனில் ஹூக்ளி ஆற்றுக்குள் இறக்கினார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் அதே ஆற்றில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தப்பி வந்தவர். 2013-இல் கூண்டுக்குள் இறங்கியபோது, அவர் வெளியேறிய கதவு கரையில் நின்றவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. கூட்டம் அவரைப் பிடித்து அடித்தது. சந்தேகக்காரர்கள் ஜெயித்த நாள் என்று அந்தச் செய்தியை நான் வெட்டி வைத்திருந்தேன். இந்த முறை ஆள் மேலே வரவில்லை. போனில் வீடியோ வந்தபோது வீட்டில் பயந்தார்கள். "இதெல்லாம் புரோகிராம்ல ஒரு பார்ட்டு. கீழ படகு நிக்கும், டீ குடிச்சிட்டு இருப்பான்" என்றேன். மறுநாள் சாயங்காலம் உடலை எடுத்தார்கள். வெட்டி வைத்த பேப்பரைத் தேடி எடுத்துக் கிழித்தேன், அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஊரில் எனக்கு நல்ல பெயர்தான். போன வருடம் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து மேஜிக் செய்யும் சாதனைக்குக் கல்யாண மண்டபம் பிடித்தான். சாதனைப் புத்தகக்காரர்கள் கெட்டி. ஒரு சாட்சி நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது என்பது கின்னஸ் விதி. வித்தைக்காரன் தாங்குவான், பார்க்கிறவன் தாங்கமாட்டான் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பையனும் அதே விதிப்படி ஆள் சேர்த்தான். "சந்தேகப்படுறவரு கையெழுத்து போட்டாத்தான் சார் மதிப்பு" என்று வீட்டுக்கு வந்து பழம் தட்டு வைத்துக் கூப்பிட்டான். எனக்குக் கிடைத்த முறை ராத்திரி இரண்டிலிருந்து ஆறு.

மண்டபத்தில் நான், வாட்ச்மேன், முன்வரிசையில் பிளாஸ்க்கோடு பையனின் அம்மா. மேடையில் அவன் வளையத்தை வளையத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, பேச்சு குழறினாலும் கை தப்பவில்லை. மணிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு உண்டு. அதையும் சேர்த்து வைத்துக்கொண்டான். அடிக்கடி கீழே வந்து என்னிடம் சீட்டு எடுக்கச் சொன்னான். எடுத்தேன், பார்த்தேன், திருப்பி வைத்தேன். ஹார்ட்டின் ராணி என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

அடுத்து நான் பார்த்தது ஜன்னலில் வெளிச்சம். அவன் வாயிலிருந்து ரிப்பன் வந்துகொண்டிருந்தது. வீடியோ கேமராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. மெமரி கார்டு நிறைந்து எப்போதோ நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் பையன் வளையம் கோத்தானா, பெஞ்சில் படுத்தானா என்பதற்கு இந்த உலகத்தில் சாட்சி நான் ஒருவன்தான். அம்மாவைக் கேட்கலாமென்று திரும்பினேன். அவர் காப்பியை ஊற்றி நீட்டி, "நல்லா அசந்துட்டீங்க" என்றார். வாட்ச்மேன் அப்போதும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குத் தாள் வந்தது. ‘மேற்கண்ட நேரம் முழுவதும் போட்டியாளர் இடைவிடாமல் நிகழ்த்தியதை நேரில் கண்டேன்.’ கீழே கோடு. சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன், இல்லை. பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து, "இங்க இருக்கு சார்" என்று என் காதுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். என் பேனாதான். போட்டேன்.